மீட்டருக்கு வைத்த பொட்டு

ஆரப்பாளையத்திலிருந்து எழுமலை வரைக்கும் மோட்டார் வேலை, ஒயரிங் வேலை பார்க்கிறவர்களிடம் என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். 'சகுனம்' என்று சொல்லிப் பாருங்கள். "அட, அந்தாளா? வேலைய விட்டு ஒக்காந்துட்டாப்லயே" என்று உடனே சொல்வார்கள். அந்தப் பட்டம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிட்டாலே, புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல நினைத்ததில் பாதி முடிந்துவிடும். மீதிப் பாதி ஒரு எண்ணெய் மில்லில் நடந்தது.

நான் பயந்த ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். பஸ்ஸில் ஏறினால் இது திருவாதவூர் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்பேன். போகும் என்பார். உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்பேன். கண்டக்டர் புதுசாக இருந்தால் என்ன செய்வது? இப்படிப்பட்டவன் கரண்டு வேலைக்கு வந்ததற்குக் காரணம் வீரம் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனைக் கூப்பிட்டது மோட்டார் காயில் கட்டுகிற கடை ஒன்றுதான். பாங்கில் கூப்பிட்டிருந்தால் அங்கே போயிருப்பேன். அங்கேயும் பயந்துகொண்டுதான் இருந்திருப்பேன்.

கையில் பிடிக்கிற டிஜிட்டல் மீட்டரை முதன்முதலில் வாங்கிய அன்று, கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தினேன். செருப்பு வாங்குகிறவன் கடைக்குள்ளேயே நடந்து பார்க்கிற மாதிரி, அவர் கடைப் பிளக்கிலேயே குத்திப் பார்த்துத் தரச் சொன்னேன். பார்த்தார், இருநூற்று முப்பது சொச்சம் காட்டியது. "போதுமாண்ணே?" என்றார். இன்னொரு பிளக்கிலும் பார்க்கச் சொன்னேன். அவர் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு என்னை மட்டும் பார்த்தார்.

டயலைச் சுற்றி எல்லாம் இங்கிலீஷ். எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் படித்துக்கொண்டேன். அலை போட்டிருந்தால் வீட்டுக் கரண்டு. நேர்க்கோடு போட்டு அதன் கீழே விட்டு விட்டுச் சின்னக் கோடுகள் இருந்தால் பேட்டரி. ஒயர் சொருகும் ஓட்டைகள் மூன்று. கறுப்புக்கு ஒன்று, சிவப்புக்கு இரண்டு: வோல்ட் பார்க்க ஒன்று, ஆம்பியர் பார்க்க இன்னொன்று. அந்த இரண்டில்தான் வம்பு.

கீழக்குயில்குடியில் ஒரு வீடு. இன்வெர்ட்டருக்கு எவ்வளவு கரண்டு போகிறது என்று பார்ப்பதற்காகச் சிவப்பு ஒயரை ஆம்பியர் ஓட்டையில் மாட்டியிருந்தேன். அதை முடித்ததும் அந்த வீட்டு அக்கா, "தம்பி, அந்தப் பிளக்குலயும் கரண்டு வருதான்னு ஒரு எட்டுப் பாத்துருங்க" என்றார். டயலை அலைக்குத் திருப்பினேன். ஒயரை மாற்ற மறந்தேன். ஆம்பியர் ஓட்டையில் ஒயர் இருந்தால் மீட்டர் வெறும் கம்பித் துண்டு மாதிரி. டயல் எங்கே நின்றாலும் அதற்குக் கவலையில்லை. விலை குறைந்த மீட்டரில் அந்த ஓட்டைக்குப் பின்னால் பியூஸ்கூட வைக்க மாட்டான். பிளக்கின் இரண்டு துளையிலும் முனைகளை விட்டேன். டப்பென்று ஒரு நீல வெளிச்சம். டிவியில் சீரியல் நின்றது. மின்விசிறி நின்றது. என் நெஞ்சும் சற்று நேரம் நின்ற மாதிரிதான் இருந்தது.

இருட்டில் அந்த அக்கா நிதானமாகச் சொன்னார். "பிளக்குல கரண்டு இருக்கான்னுதான் தம்பி பாக்கச் சொன்னேன். நீங்க வீட்லயே இல்லாமப் பண்ணிட்டீக."

கருகிய முனையைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பல நாள் தூக்கம் போயிற்று. அதிலிருந்துதான் என் சடங்கு ஆரம்பித்தது. முனைகளை எதிலும் வைப்பதற்கு முன்னால், ஒயர் எந்த ஓட்டையில் இருக்கிறது, டயல் எங்கே நிற்கிறது, ஒயரின் தோல் எங்கேயாவது வெடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு, கரண்டு இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பிளக்கைத் தேடிப் போய் மீட்டரால் தொடுவேன். எண் வந்தால், வேலை பார்க்க வேண்டிய லைனைத் தொடுவேன். அங்கே ஜீரோ காட்டினால் நம்பாமல், மறுபடியும் அந்தப் பிளக்குக்கே போய்த் தொடுவேன். போய் வருவதற்குள் மீட்டர் செத்திருந்தால்?

நல்ல மீட்டர் சொல்லும் ஜீரோவும், செத்த மீட்டர் சொல்லும் ஜீரோவும் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த மொத்த எலக்ட்ரிக்கல் படிப்பும் இந்த ஒரு வரிதான்.

என்னோடு கூட்டாக வேலை பார்த்தவன் தங்கபாண்டி. என் வயசுதான். நான் அவனை மாப்ள என்பேன், அவனும் என்னை மாப்ள என்பான். யார் வீட்டில் யார் பெண் எடுத்தது என்று கேட்காதீர்கள், யாரும் எடுக்கவில்லை. நான் பயப்படுவதற்குள் அவன் பாதி வேலையை முடித்திருப்பான். நான் பிளக்கைத் தேடிப் போவதைப் பார்த்து, "சகுனம் பாக்கப் போயிட்டாருடா. பூனை குறுக்க வந்தா இன்னைக்கு வேலை இல்ல" என்று அவன்தான் முதலில் சொன்னான். பட்டம் அன்றே ஒட்டிக்கொண்டது.

இனி மில் கதை.

ஆயுத பூஜையன்று என் வீட்டில் சாமான்களை வரிசையாகப் பலகையில் வைத்துப் பொட்டு வைப்பது என் மனைவி செல்வியின் பொறுப்பு. பிளையர், ஸ்பேனர், சுத்தியல், எல்லாவற்றுக்கும் சந்தனத்தில் ஒரு பொட்டு, அதன் நடுவில் குங்குமம். மீட்டரை மட்டும் ஓடவிட்டுத்தான் பொட்டு வைப்பாள். மிஷினை ஓட்டிக் காட்டாமல் கும்பிட்டால் சாமிக்கு அது மிஷின் என்று எப்படித் தெரியும் என்பது அவள் கட்சி. நான் மீட்டரைப் போட்டுக் கொடுத்தேன், திரையில் மூன்று சைபர் தெரிந்தது. அவள் கட்டைவிரலில் சந்தனம் எடுத்து மீட்டரின் நெற்றியில் அழுத்தி, பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். குங்குமம் திரையின் மூலை வரைக்கும் வழிந்தது.

"தொடச்சுறாதீங்க. தானா உதுரட்டும்" என்றாள்.

சாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்கிற தைரியம் எனக்கு எங்கே இருக்கிறது? அப்படியே பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரத்தில் பேச்சி அக்காவிடமிருந்து போன். எழுமலைப் பக்கம் கடலை எண்ணெய் மில் வைத்திருக்கிறவர். பூஜை முடிந்து முதல் ஆட்டு ஆட்ட வேண்டிய நேரத்தில் மோட்டார் உறுமுகிறதாம், சுற்ற மாட்டேன் என்கிறதாம். தங்கபாண்டியும் நானும் வண்டியில் போனோம். அவன் வெறுங்கையோடு வந்திருந்தான். அவர்கள் வீட்டில் பூஜைக்கு வைத்த சாமானை அன்று சாயங்காலம் வரை எடுக்கக்கூடாது. ஆகவே என் பைதான் இருவருக்கும்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கப்பா. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஒரு சுத்தாவது சுத்திப்புடணும். வருசத்துல மொத ஆட்டு, நல்ல நேரத்துல விழலைன்னா எனக்கு மனசே ஆறாது." சூடத்தட்டு தயாராக இருந்தது. அக்கம்பக்கத்தில் நாலு பேர் முதல் எண்ணெய் வாங்கத் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கண்ணும் எங்கள் மேல்.

தங்கபாண்டி நேராகச் சுவரில் இருந்த மோட்டாரின் கரண்டுப் பெட்டியிடம் போனான். மெயின் சுவிட்சின் கைப்பிடியைச் சத்தம் வரக் கீழே தள்ளினான். அந்த நேரம் பார்த்து அக்கா என் கையில் டீ டம்ளரைத் திணித்தார். சூடு. ஊதிக் குடித்துவிட்டு நான் போவதற்குள், அவன் என் பையிலிருந்து மீட்டரை எடுத்து ஸ்டார்ட்டரில் வைத்துப் பார்த்து முடித்திருந்தான்.

"ஜீரோ மாப்ள. ஒரு ஒயர் கருகிக் கெடக்கு, பாரு. கழட்டி வெட்டிக் கட்டுனா சோலி முடிஞ்சுச்சு. ஸ்பேனரக் குடு."

"பிளக்குல தொட்டியா?"

"ஆரம்பிச்சுட்டான்யா."

"தொட்டியா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"மெயினு கீழ கெடக்கு. மீட்டரு ஜீரோங்குது. இன்னும் உனக்கு என்ன வேணும், ஜோசியருட்ட ஜாதகம் எழுதி வாங்கிட்டு வரவா?"

தூக்குச்சட்டிக்காரர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். "ஏப்பா, எம்புட்டு நேரந்தேன் பேசுவீக?"

டெஸ்டரும் இருந்தது. ஆனால் வாசல் வழியாக வந்த வெயில் நேராகப் பெட்டிக்குள் அடித்தது. அந்த வெளிச்சத்தில் டெஸ்டர் விளக்கு எரிவதும் எரியாததும் ஒன்றுதான். மில்லுக்குள் பிளக்கும் கிடையாது. முற்றம் தாண்டி அக்கா கணக்குப் பார்க்கும் அறையில்தான் இருந்தது, அது வேறு லைன். போய் வரச் சற்று நேரம் ஆகும். இத்தனை பேர் முன்னால் மீட்டரைத் தூக்கிக்கொண்டு நடக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இந்த ஒரு தடவை விட்டுவிடலாமே என்று நினைத்தேன். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். என்னைப் போகவைத்தது அறிவு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், கூச்சத்தைவிடப் பயம் கொஞ்சம் கனமாக இருந்தது, அவ்வளவுதான். மீட்டரை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

"மாப்ள, நான் வர்ற வரைக்கும் தொடாத."

"சரி சரி. நீ போயி சகுனம் பாத்துட்டு வா. அதுக்குள்ள நான் கழட்டிர்றேன்."

"தொடாதங்கறேன்ல."

"போடா வெரசா."

முற்றத்தைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவன் பையில் ஸ்பேனரைத் துழாவிக்கொண்டிருந்தான். எந்த நம்பர் ஸ்பேனரை எங்கே போடுவது என்கிற ஒழுங்கு என் பையில் கிடையாது. அன்றைக்கு அது ஒரு புண்ணியம்.

அறைக்குள் போய்ப் பிளக்கில் முனைகளை விட்டேன். மூன்று சைபர்.

என் முதல் எண்ணம், அடடா, ஊருக்கே கரண்டு போய்விட்டது போல, நல்லதாயிற்று என்பது. வியர்த்த கழுத்தில் காற்றுப் பட்டதால் மேலே பார்த்தேன். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. விசிறி சுற்றுகிறது, மீட்டர் ஜீரோ என்கிறது. அப்படியானால் ஸ்டார்ட்டரில் இந்த மீட்டர் சொன்ன ஜீரோ?

கத்தியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஆபத்தில் குரல் ஓங்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு ஓங்கவில்லை, தொண்டைக்குள்ளேயே படுத்துக்கொண்டது. ஓடினேன். தங்கபாண்டி பெட்டிக்குள் குனிந்திருந்தான். கையில் ஸ்பேனர் பளபளத்தது. முற்றத்தில் காலி எண்ணெய் டின்களை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. மொத்த அடுக்கோடும் விழுந்தேன்.

காலி டின் விழுந்தால் எப்படிச் சத்தம் வரும் என்று தெரியுமல்லவா? அந்தச் சத்தத்தில் தங்கபாண்டி கையை வெளியே இழுத்துக்கொண்டு திரும்பினான். நான் கிடந்த கோலத்தைப் பார்த்து, ஸ்பேனரோடு வெளியே வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வாழ்க்கையில் நான் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன். உருப்படியாக விழுந்தது அன்றுதான்.

டின்களுக்கு நடுவில் கிடந்தபடி, ஒரு கையால் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த மீட்டரால் அறையைக் காட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் வந்தது. "பேனு... சுத்துது. மீட்டரு... ஜீரோ."

அவன் சிரிப்பு நின்றது.

மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது என்னடா, மூஞ்சி முழுக்கச் சந்தனம்?" என்று கட்டைவிரலால் துடைத்தான். நான் தடுக்கவில்லை. திரையின் மூலையில் குங்குமத்துக்கு அடியில் சின்னதாக ஒரு 'H' தெரிந்தது. சந்தனத்துக்கு அடியில் ஒரு பொத்தான் அமுங்கிக் கிடந்தது. ஹோல்ட் பொத்தான். அதை அமுக்கினால் அந்த நேரம் திரையில் என்ன எண் இருக்கிறதோ அதையே மீட்டர் பிடித்து வைத்துக்கொள்ளும். என்னிடமிருந்த மாடலில் அமுக்கினால் அமுங்கியே நிற்கும், மீட்டரை அணைத்துவிட்டு எழுப்பினாலும் விடாது. செல்வி பொட்டு வைத்த நேரத்தில் இருந்த மூன்று சைபரை அது பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தது.

தங்கபாண்டி பொத்தானை விடுவித்தான். இருவருமாக அறைக்குப் போய்ப் பிளக்கைத் தொட்டோம். எண் வந்தது. பெட்டிக்கு வந்து ஸ்டார்ட்டரைத் தொட்டோம். மோட்டாருக்கு வரும் மூன்று பேஸ் ஒயர்களை இரண்டிரண்டாகப் பிடித்துப் பார்த்தபோது முழு வோல்ட் எங்கும் வரவில்லை. "ஒண்ணுமில்லையே" என்றான். ஒவ்வொன்றையும் எர்த்தோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். முதலாவதில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் இருநூற்று முப்பதைத் தாண்டி எண் நின்றது. அவன் ஸ்பேனரைப் போட இருந்த இடம் அது.

இதைக் கவனித்துக்கொள்ளுங்கள் தம்பிகளா. மூன்றில் ஒன்று மட்டும் உயிரோடு இருந்தால், இரண்டிரண்டாகப் பார்க்கும்போது நல்ல மீட்டரே உங்களை ஏமாற்றும். எர்த்தோடும் பார்க்காமல் கையை உள்ளே விடாதீர்கள்.

தங்கபாண்டி ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "மாப்ள, அந்தப் பிளக்குல இன்னொரு தடவ சகுனம் பாத்துட்டு வா" என்றான்.

பார்த்துவிட்டு வந்தேன். மீட்டர் சரியாக இருந்தது.

மெயினுக்கு முன்னால், கம்பத்திலிருந்து கரண்டு வரும் சர்வீஸ் பக்கத்துப் பியூஸ்களை உருவிவிட்டு, மறுபடியும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் மெயின் சுவிட்சைத் திறந்தோம். கைப்பிடி கீழே வந்திருந்தது. உள்ளே பேஸுக்கு ஒன்றாகக் கரண்டை இணைக்கும் மூன்று செம்புக் கத்திகளில் ஒன்று பிடிமானம் உடைந்து மேலேயே நின்றது. வெளியே பார்த்தால் அணைந்த சுவிட்ச், உள்ளே ஒரு பேஸ் ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. அக்கா சூடத்தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார். கத்தியைக் காட்டி விவரம் சொன்னோம். "ராகு காலம் வந்தா ஒண்ணரை மணி நேரத்துல போயிரும். ஆளு போனா வருவானா? மெதுவா பாருங்கப்பா" என்றார். போகிற போக்கில் நசுங்கிய டின்களைக் காலால் தள்ளிப் பார்த்து, "அதுசரி, இத யாருப்பா நிமித்துவா?" என்று கேட்டார். நான்தான் நிமிர்த்தினேன். மத்தியானம் மில் ஓடியது. தூக்குச்சட்டிக்காரர்கள் அதுவரை இருந்து வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செல்வியிடம், மீட்டருக்கு மட்டும் ஏன் அவ்வளவு பெரிய பொட்டு என்று பட்டும்படாமல் கேட்டேன்.

"கரண்டுக்குள்ள கைய விடுறதுக்கு முன்னாடி அதத்தான கேக்குறீங்க? உங்களுக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாதுன்னுதான் நல்லா அமுத்தி வச்சேன்" என்றாள்.

நடந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளும் பயப்பட ஆரம்பிப்பாள். எங்கள் வீடு சின்னது, பயந்த ஆள் ஒருவருக்குத்தான் இடம் உண்டு. அடுத்த வருடம் பொட்டு வைக்க வரும்போது மீட்டரைக் கவிழ்த்துக் கொடுத்தேன். "முதுகுல வையி. மூஞ்சி எனக்கு வேணும்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முதுகில் வைத்தாள். அது புது மீட்டர். மூன்று பேஸ் பெட்டிக்குள் வைக்கத் தகுந்தது, ஒயர் சொருகும் இடத்தருகே 'CAT III' என்று அச்சடித்தது. பழையதைப் பேட்டரி பார்க்க மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த வித்தியாசமே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை பெரிய பெட்டிகளுக்குள் எதை விட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்து இன்னும் பல நாள் தூங்கவில்லை.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை. நான் வெளியே ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், உள்ளே தங்கபாண்டி தனியாக இருக்கிறான். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். தன் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பிளக் பலகையில், பக்கத்துத் துளைகளை மீட்டரால் தொட்டான். பெட்டிக்குப் போய் லைனைத் தொட்டான். திரும்ப வந்து பிளக்கைத் தொட்டான்.

"என்ன மாப்ள, சகுனமா?" என்றேன் ஜன்னல் வழியாக.

அவன் துள்ளி விழாத குறை. "சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மீட்டருல பேட்டரி இருக்கான்னு பாத்தேன்."

"முன்னாடி ஒருக்கா, பின்னாடி ஒருக்காவா?"

"என் பேட்டரிக்கு அப்படிப் பாத்தாத்தேன் தெரியும். நீ ஒன் சோலியப் பாரு."

நீங்களும் அதை என்ன பெயர் சொல்லி வேண்டுமானாலும் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவன் சிரித்தால், பேட்டரி பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள். தொட்டுவிட்டுப் போங்கள், வந்தும் தொடுங்கள். என்னை மாதிரி விழத் தெரிந்தவன் எல்லா முற்றத்திலும் இருக்க மாட்டான்.